மதிலும் திண்ணையும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அண்டை அயல் என்னும் பொருள் பற்றிச் சில சொல்லுமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்தனர். புலமை மிக்கோர் பலர் வீற்றிருக்கும் அவையில் யாம் சொல்லப் போவது புதிய கருத்தன்று. நம் கண்ணெதிரே நாள்தோறும் நிகழ்வதொன்றைச் சற்றே நின்று பார்க்கும் முயற்சியேயாகும்.

முதலில் நம் அல்சூரைப் பற்றி ஒரு சொல். 1537-ஆம் ஆண்டில் கெம்பே கவுடர் பெங்களூர்ப் பேட்டையை மதில் சூழ அமைத்தார் என்பர். அம்மதிலில் கிழக்கே நம் ஊரை நோக்கியிருந்த வாயிலுக்கு அல்சூர் வாயில் என்று பெயர். 1791-இல் கார்ன்வாலிஸ் படை பேட்டையைத் தாக்கியபோது அவ்வாயிலை உடைத்தே உட்புகுந்தது. இன்று அம்மதிலும் இல்லை, அவ்வாயிலும் இல்லை. ‘அல்சூர் கேட்’ என்ற பெயர் மட்டும் ஒரு காவல் நிலையத்தின் பலகையில் நிலைத்திருக்கிறது. நாம் இங்கே மறவாது கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அல்சூர் அந்த வாயிலுக்கு உள்ளே இருந்த ஊரன்று. வெளியே இருந்த ஊர்.

1809-இல் ஆங்கிலேயர் தம் தண்டை இவ்வூரையொட்டி நிறுவினர். படைவீரராகவும், ஒப்பந்தக்காரராகவும், வணிகராகவும், கொத்தராகவும், சமையற்காரராகவும் தமிழ் மக்கள் வந்து குடியேறினர். ஏரிக்கரையில் மதராஸ் பொறியியற் படைப்பிரிவு இன்றும் இருந்து வருகிறது. ஆகவே நம் முன்னோர் வாயிலுக்கு வெளியே குடியமர்ந்த மக்கள். மதிலின் துணையின்றி, அயலாரின் துணைகொண்டு வாழ்ந்தவர்கள்.

அவர்கள் வாழ்ந்த தெருக்களை நம்முள் மூத்தோர் அறிவர். வீட்டுக்கு முன் திண்ணை இருந்தது. அதனைக் கன்னடத்தார் ஜகலி என்பர். ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள் குடியிருந்தன. குழாய் ஒன்று, குடங்கள் பல. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் அக்குழாயடியிலேயே நமக்குப் பாடமாயின. சித்திரையில் பூப்பல்லக்குகள் இரவெல்லாம் வீதியுலா வரும்போது எந்த வீட்டுத் திண்ணை எவருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை.

இவ்வாறு சொல்லுங்கால் பழமையெல்லாம் பொன் என்று யாம் கூறுவதாக எண்ணவேண்டா. அந்தத் தெருக்களில் சுவர் இல்லாவிடினும் சாதி என்னும் கண்காணா மதில் இருந்தது. சிலர் திண்ணை வரையில்தான் வரலாம். சிலர் அதுவும் இயலாது. குழாயடியில் அன்பு விளைந்தது போலவே சண்டையும் விளைந்தது. 1898-இல் இந்நகரைத் தாக்கிய பிளேக் நோய் நெருக்கமான குடியிருப்புகளில் கடுமையாகப் பரவியது. காற்றோட்டமுள்ள புதிய பேட்டைகள் அதன் பின்னரே எழுந்தன. நல்ல வீட்டை நாடுவது குற்றமன்று.

ஆகவே இன்று நம் மக்கள் அல்சூரை விட்டு ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் சாலை, எலக்ட்ரானிக் சிட்டி முதலிய இடங்களில் மதில் சூழ்ந்த குடியிருப்புகளுக்குச் செல்வதை யாம் பழிக்கவில்லை. ‘கேட்டட் கம்யூனிட்டி’ என்று அவற்றை அழைக்கின்றனர். அங்கே பிள்ளைகள் வண்டிக்கு அஞ்சாது விளையாடலாம். முதியோர் நடைபயில நல்ல பாதை உண்டு. பணி முடிந்து நள்ளிரவில் திரும்பும் பெண்மக்களுக்கு அச்சமில்லை. யாமும் அத்தகையதொரு குடியிருப்பிலேயே பல்லாண்டுகளாக வாழ்ந்து வருகின்றோம். எனவே யாம் சொல்வது பிறர்மேல் வைக்கும் குற்றச்சாட்டன்று. எம் வீட்டுச் செய்தி.

அல்சூரில் எம் வீட்டுக்கு முப்பது ஆண்டுகள் பூக்கொடுத்த அம்மையார் ஒருவர் இருந்தார். எம் அன்னையார் படுக்கையில் வீழ்ந்தார் என்று கேள்வியுற்று அவர் எம்மைத் தேடிப் புறப்பட்டார். 2011-இல் அல்சூருக்கு வந்த மெட்ரோ இருப்புப்பாதை 2023-இல் ஒயிட்ஃபீல்டு வரை நீண்டுவிட்டது. எனவே தொலைவு அவருக்குத் தடையாகவில்லை. தடையாக நின்றது எம் வாயில். “எந்த வீட்டு எண்?” என்று காவலாளி வினவினார். அம்மையாருக்கு எண் தெரியாது; பெயர் தெரியும். அந்த வாயிலில் பெயர் செல்லாது, எண்ணே செல்லும். எம் கைப்பேசி அப்போது அணைந்திருந்தது. அரைமணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு, இரண்டு முழம் மல்லிகையைக் காவலாளியின் மேசைமேல் வைத்துவிட்டு அவர் திரும்பிப் போனார்.

மாலையில் அப்பொட்டலம் எம் கைக்கு வந்தது. “யாரோ பூக்காரி” என்றார்கள். எம் அன்னையார் வாடிய சரத்தைக் கையில் வாங்கி, முடிச்சைத் தடவிப் பார்த்து, “இது அவள் கட்டினதுடா” என்றார். அடுத்த திங்களில் அன்னையார் காலமானார். இருவரும் மீண்டும் சந்திக்கவில்லை.

யார்மேல் குற்றம் சொல்வது? காவலாளி இட்ட பணியைச் செய்தார். அவரும் தொலைமாநிலத்திலிருந்து பிழைக்க வந்த இளைஞர். நம் பாட்டனார் வந்தது போல வந்தவர். அவ்விதியை வகுத்த கூட்டத்தில் கை உயர்த்தியவர்களுள் யாமும் ஒருவர். வாயிலுக்கு வெளியே வாழ்ந்த குடியில் பிறந்த யாம், வாயிலுக்கு உள்ளே அமர்ந்துகொண்டு, எம் அன்னையின் தோழியை வெளியே நிறுத்தினோம்.

அன்பர்களே! மதில் பாதுகாப்பளிக்கிறது என்பர். எம் வாழ்வில் பாதுகாப்பு என்ற சொல்லின் பொருளை யாம் முழுமையாக அறிந்த நாள் ஒன்றுண்டு. 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலையொட்டி இந்நகரில் தமிழருக்கெதிராகக் கலவரம் மூண்டது. அன்றிரவு எம் கதவு தட்டப்பட்டது. நடுங்கிக்கொண்டே திறந்தோம். எதிர்வீட்டுக் கன்னட அம்மையார் நின்றிருந்தார். “அம்மா, நம்ம மனெகெ பன்னி” என்று எம் அன்னையின் கையைப் பற்றினார். மூன்று நாட்கள் அவர் வீட்டில் உண்டோம், உறங்கினோம். எம்மைக் காத்தது மதிலன்று. குழாயடியில் எம் அன்னையை இருபது ஆண்டுகள் அறிந்திருந்த ஒரு மனம். இன்று எம் குடியிருப்பில் எதிர்வீட்டார் பெயர் எமக்குத் தெரியாது. அத்தகைய இரவு மீண்டும் வாராதிருக்க வேண்டுகிறோம். வந்தால் எவர் கதவு தட்டுவார் என்ற வினா எம் உறக்கத்தைக் கெடுக்கிறது.

அன்றியும், மதிலால் எல்லாவற்றையும் தடுத்துவிட இயலாது. 2016-இல் நம் ஏரியில் மீன்கள் கூட்டங்கூட்டமாய்ச் செத்து மிதந்தபோது அந்நாற்றம் எந்த வாயிலிலும் அனுமதி கேட்கவில்லை. 2024 கோடையில் நிலத்தடி நீர் வற்றியபோது மாளிகைக் குடியிருப்பும் லாரித் தண்ணீருக்கே காத்துநின்றது. பொதுவானதைப் பேண ஆளில்லையெனில் தனியானதும் நிலைக்காது.

அடுக்கு வீடுகளில் வாழ்ந்தால் அயலார் உறவு அற்றுத்தான் போகுமா? அன்று. சிங்கப்பூர்த் தீவைப் பாருங்கள். 1960-இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்கு வீடுகளில் அந்நாட்டு மக்களுள் பத்தில் எட்டுப் பேர் அளவினர் வாழ்கின்றனர். அக்கட்டடங்கள் பலவற்றின் கீழ்த்தளம் அடைப்பின்றித் திறந்து கிடக்கிறது. மலாய்க்காரர் திருமணமும், சீனர் வீட்டு இறுதிச் சடங்கும், முதியோர் சதுரங்கமும் அங்கே நிகழ்கின்றன. 1989 முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் முதலிய இனத்தவர் கலந்து வாழுமாறு அளவும் வகுத்துள்ளனர். அவ்விதியால் வீடு விற்பதில் சிலர்க்கு இடரும் உண்டு. ஆயினும் ஒன்று தெளிவு: வீடு உயர்ந்ததனால் உறவு அறுவதில்லை, தரை அடைபட்டால்தான் அறுகிறது. அத்தீவு மாடிகளுக்கு அடியில் திண்ணையைக் கட்டியது. நாம் திண்ணையை இடித்து மதிலைக் கட்டினோம்.

நம் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை நிற்கிறது. 1991 முதல் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்த அச்சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே திங்களில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. இரு மொழியாரும் ஒருவர்க்கொருவர் கதவு திறந்தபோதே திரை விலகியது. அவ்வள்ளுவர் அரண் என்று ஓர் அதிகாரம் வகுத்தார். ஆனால் அதனை அரசியலைப் பேசும் பொருட்பாலில் வைத்தார். இல்லறத்தைப் பேசுமிடத்தில் அவர் வைத்தது விருந்தோம்பல். மதில் நாட்டுக்கு, திறந்த கதவு வீட்டுக்கு. நாம் இவ்விரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டோம்.

மதில்களை இடித்துவிடுமாறு யாம் சொல்லவில்லை. மூன்று சிறு செயல்களை மட்டும் வேண்டுகிறோம். ஒன்று: உங்கள் வாயிலருகே நிழலில் ஒரு விசுப்பலகையும் ஒரு குடம் நீரும் வையுங்கள், உள்ளே உழைக்க வருவோர்க்கு மின்தூக்கியையும் கழிவறையையும் மறுக்காதீர்கள். இரண்டு: பொங்கலும் ராஜ்யோத்சவமும் வரும்போது வாயிலைத் திறந்து சுற்றுப்புறத் தெருவாரையும் அழையுங்கள், அவர்களோடு கன்னடத்தில் நான்கு சொல் பேசுங்கள். மூன்று: காவலாளியின் பெயரையும் எதிர்வீட்டார் பெயரையும் இன்றிரவே கேட்டறியுங்கள்.

அந்தப் பூக்கார அம்மையாரை யாம் பின்னர் அல்சூர்க் கடைத்தெருவில் தேடிக் கண்டோம். மன்னிப்புக் கேட்டோம். அவர் சினக்கவில்லை. “உங்க வீட்டு நம்பரைக் காகிதத்துல எழுதிக் குடு கண்ணு, அடுத்த தபா கேட்டா சொல்றேன்” என்றார். எழுதிக் கொடுக்க எம் கை எழவில்லை. அவர்க்கு எண் வேண்டாத ஒரு வாயிலை உண்டாக்க வேண்டும் என்ற எண்ணமே இன்று எம்மை உங்கள்முன் நிறுத்தியது.