ஏழைத் தாய்க்கும் பள்ளியில் இடம் வேண்டும்



ஏழைப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை இல்லை என்று அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றிப் பலர் சொல்லி வந்தார்கள். அது உண்மைதானா?

மேகி காமர் என்ற கறுப்பினத் தாயைப் பாருங்கள். இரண்டாண்டு கூடப் பள்ளி சென்றவரல்லர். வீட்டு வேலை செய்தவர். அவருடைய ஐந்து பிள்ளைகளும் சேர்ந்து பெற்றவை 13 பட்டங்கள்!

அவர்களில் ஒருவரே மனநல மருத்துவர் ஜேம்ஸ் காமர். யேல் பல்கலைக்கழகத்தின் சார்பில் 1968-ல் நியூ ஹேவன் நகரின் இரண்டு தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். படித்தவர்கள் பெரும்பாலும் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள். தேர்ச்சியில் நகரிலேயே கடைசிப் பள்ளிகள். அங்கே ஆசிரியர்களுக்குச் சமமாகப் பெற்றோரையும் நிர்வாகக் குழுவில் அமர்த்தினார். தாய்மார்கள் வகுப்பில் உதவினார்கள். பள்ளி விழாக்களை எடுத்து நடத்தினார்கள். இரு தரப்புக்கும் இடையே இருந்த சந்தேகம் கரைந்தது.

விளைவு என்ன? 1984-ல் இத்திட்டம் நடந்த இரு பள்ளிகளின் நான்காம் வகுப்பு மாணவர்கள் நகரில் மூன்றாம், நான்காம் இடங்களைப் பிடித்தார்கள். குடும்பங்களின் வறுமை மாறவில்லை. பள்ளி அவர்களை நடத்திய முறைதான் மாறியது.

ஆகவே ஆசிரியப் பெருமக்களே, மதிப்பெண் அட்டையில் கையெழுத்து வாங்க மட்டும் பெற்றோரை அழைக்காதீர்கள். தாய்மார்களே, பள்ளி வாசலோடு திரும்பிவிடாதீர்கள். உள்ளே சென்று உட்காருங்கள், கேளுங்கள். அது உங்கள் உரிமை!