நெக்கர் கரையில் ஒரு கல்வி நகர்



பெரிய நகரங்களைப் பற்றிக் கேட்பதற்கு எல்லோருக்கும் ஆவல் உண்டு. நான் இன்று ஒரு சிறிய ஊரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். தெற்கு ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் நகருக்குத் தெற்கே, நெக்கர் என்னும் ஆற்றின் கரையில் அமைந்தது டூபிங்கன். அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 90,000 பேர். அவர்களுள் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் மாணவர். அந்த ஊருக்குப் பல்கலைக் கழகம் இல்லை, அந்த ஊரே பல்கலைக் கழகம் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள்.

நெக்கர் பெரிய ஆறு அன்று. காவிரியை மனத்தில் வைத்துக்கொண்டு செல்பவருக்கு அது ஒரு பெருவாய்க்காலாகவே தோன்றும். ஆற்றின் நடுவே நீண்ட தீவு ஒன்று. அதில் இருபுறமும் வானளாவிய மரங்கள் நிற்கும் சாலை ஒன்று. அங்கே நின்று எதிர்க்கரையைப் பார்த்தால் மஞ்சளும் சிவப்புமாக வீடுகள் நீரின் ஓரத்திலேயே நெருங்கி நிற்கும். அவற்றின் மேலே கோயில் கோபுரம். மேற்கே குன்றின் மேல் கோட்டை. மாணவர்கள் தட்டையான நீண்ட படகுகளைக் கழி ஊன்றித் தள்ளிச் செல்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை படகுப் போட்டியும் உண்டு. தோற்ற அணியினர் ஆளுக்கு அரை லிட்டர் மீன் எண்ணெய் குடித்தாக வேண்டும்! வெற்றி பெறும் ஆசையைவிட இந்த அச்சமே அவர்களை வேகமாகத் தள்ளச் செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

1477ஆம் ஆண்டில் எபர்ஹார்ட் என்னும் குறுநில மன்னர் இப்பல்கலைக் கழகத்தைத் தோற்றுவித்தார். 'துணிந்து முயல்கிறேன்' என்னும் பொருள்பட அவர் கொண்டிருந்த இலத்தீன் விருதுமொழியே இன்றும் அதன் விருதுமொழி. 1536ஆம் ஆண்டில், சமயப் பணிக்கு இளைஞரைப் பழக்குவதற்காக ஒரு விடுதியும் ஏற்பட்டது. உணவும் உறையுளும் இலவசம். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அது ஒரு பெருவாயில்.

அந்த வாயில் வழியாக 1589ஆம் ஆண்டில் நுழைந்தவர் யோகான்னஸ் கெப்ளர். பாதிரியாராக வேண்டும் என்றே அவர் வந்தார். மெஸ்ட்லின் என்னும் ஆசிரியர், கதிரவனைப் பூமி சுற்றி வருகிறது என்ற கோப்பர்னிக்கஸின் கொள்கையை அவருக்கு எடுத்துச் சொன்னார். அதன் பின்னர் அவர் மனம் வானத்தை விட்டு இறங்கவே இல்லை. அவருடைய நண்பர் ஷிக்கார்ட் இங்கே எபிரேய மொழிப் பேராசிரியர். மொழியாசிரியராகிய அவர், 1623ஆம் ஆண்டில், எண்களைத் தானே கூட்டவும் கழிக்கவும் வல்ல பொறி ஒன்றை அமைத்தார். அதைப் பற்றிக் கெப்ளருக்குக் கடிதமும் எழுதினார். கெப்ளருக்காகச் செய்து வந்த பொறி தீயில் எரிந்து போயிற்று. பாஸ்கலின் பொறி தோன்றுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது.

அதே விடுதியில், இரு நூற்றாண்டுகள் கழித்து, ஹெகல், ஹோல்டர்லின், ஷெல்லிங் என்னும் மூவர் ஒன்றாக வாழ்ந்தனர். ஷெல்லிங் வந்தபோது அவருக்கு வயது பதினைந்து. பிற்காலத்தில் இருவர் தத்துவத்தில் புகழ் பெற்றனர். மூன்றாமவர் கவிஞர். அவர் கதைதான் என்னை மிகவும் வருத்துகிறது. அதனால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஹோல்டர்லினுக்கு முப்பத்தாறு வயதில் மனம் கலங்கியது. 1806ஆம் ஆண்டில் டூபிங்கன் மருத்துவமனையில் சேர்த்தார்கள். சில மாதங்களில், குணப்படுத்த முடியாது, மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழமாட்டார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவரை ஏற்றுக்கொண்டவர் யார்? உடன் பயின்ற நண்பரா? பேராசிரியரா? இல்லை. ஸிம்மர் என்னும் தச்சர். அவர் அந்தக் கவிஞருடைய நூல் ஒன்றைப் படித்திருந்தார், படித்து மகிழ்ந்திருந்தார். அவ்வளவே உறவு! ஆற்றங்கரையில் இருந்த தம் வீட்டுக் கோபுர அறையை அவருக்குக் கொடுத்தார். மூன்று ஆண்டு என்றது முப்பத்தாறு ஆண்டாயிற்று. 1838ஆம் ஆண்டில் தச்சர் காலமான பிறகு அவர் மகள் லோட்டே கவிஞரைக் காத்தாள். 1843ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் கண் மூடினார். இன்று ஊருக்குள் நுழைவோர் முதலில் படம் பிடிப்பது அந்த மஞ்சள் கோபுரத்தைத்தான். பழைய வீடு 1875ஆம் ஆண்டில் தீக்கிரையாகி, மீண்டும் கட்டப்பட்டது.

மேலே கோட்டையில் அரண்மனைச் சமையலறை ஒன்று உண்டு. 1869ஆம் ஆண்டில் அது வேதியியல் ஆய்வுக்கூடமாக இருந்தது. மீஷர் என்னும் சுவிட்சர்லாந்து இளைஞர், மருத்துவமனையில் கழித்தெறிந்த கட்டுத் துணிகளை வாங்கி வந்து, அவற்றில் ஒட்டிய சீழிலிருந்து உயிரணுக்களைப் பிரித்தார். அவற்றின் உட்கருவில் இதுவரை அறியப்படாத பொருள் ஒன்று இருக்கக் கண்டார். பாரம்பரியப் பண்புகளைத் தாங்கி வருவதாக நாம் இன்று அறியும் பொருள் அதுவே. அருவருப்பான குப்பையிலிருந்து அது வெளிப்பட்டது என்பதை நினைக்க எனக்கு வியப்பாக இருக்கிறது.

பெண்களுக்கு வாயில் எளிதில் திறக்கவில்லை. 1892ஆம் ஆண்டில் மரியா ஃபான் லிண்டன் என்னும் மங்கை தனி அனுமதி பெற்று விலங்கியல் பயின்றார். மற்றப் பெண்கள் முறைப்படி சேர 1904ஆம் ஆண்டு வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆனால் 1995ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்று இந்த ஊருக்குப் பெருமை சேர்த்தவர் நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் என்னும் பெண்மணி.

நம் நாட்டுக்கும் இந்த ஊருக்கும் ஓர் உறவு உண்டு. ஹெர்மன் குண்டர்ட் இங்கே 1835ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்று, மறு ஆண்டே சென்னையில் வந்து இறங்கினார். தமிழ் கற்றார், திருநெல்வேலியில் தங்கினார், பின்னர்த் தலச்சேரிக்குச் சென்றார். 1872ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய மலையாள அகராதியை அறிஞர் இன்றும் போற்றுகின்றனர். அவர் திரட்டிய ஏடுகள் இப்பல்கலைக் கழக நூலகத்தில் உள்ளன. தலச்சேரியில் பிறந்த அவர் மகளின் மகனே ஹெர்மன் ஹெஸ்ஸே. அவர் இவ்வூரில் மாணவராக அல்ல, புத்தகக் கடையில் தொழில் பழகியும் பணிபுரிந்தும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழித்தார்.

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு, கல்வி தழைத்த இடத்தில் அறமும் தானே தழைத்திருக்கும் என்று நீங்கள் எண்ணலாம். நான் அவ்வாறு சொல்ல மாட்டேன். பல்கலைக் கழகம் தோன்றிய 1477ஆம் ஆண்டிலேயே யூதர்கள் இவ்வூரில் குடியிருக்கலாகாது என்று மன்னர் ஆணையிட்டார். 1933ஆம் ஆண்டில் நாஜிகள் ஆட்சிக்கு வந்தபோது, வேறு பல்கலைக் கழகங்களில் யூத ஆசிரியர் பலர் வேலை இழந்தனர். இங்கே மிகச் சிலரே இழந்தனர். காரணம் கருணையன்று; முன்னரே அவர்களை நியமிக்காமல் தவிர்த்து வந்ததுதான். நீக்கப்பட்ட சிலருள் இளம் ஆசிரியர் ஹான்ஸ் பெத்தேயும் ஒருவர். கதிரவன் எவ்வாறு ஒளிர்கிறது என்பதை விளக்கி, 1967ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர் அவர். கதிரவனை ஆராய்ந்த கெப்ளரை வளர்த்த ஊர், பெத்தேயை வெளியேற்றியது. 1938ஆம் ஆண்டு நவம்பரில் யூதர்களின் வழிபாட்டுக் கூடமும் எரிக்கப்பட்டது.

கொல்லப்பட்ட கைதிகள் பலருடைய உடல்கள், மாணவர் அறுத்துப் பயிலுவதற்கென, உடற்கூறு நிலையத்துக்கு அனுப்பப்பட்டன. ஆசிரியர் வாங்கிக்கொண்டனர்; மாணவர் பயின்றனர். எஞ்சியவற்றை நகரத்துக் கல்லறைத் தோட்டத்தின் ஒரு மூலையில் புதைத்தார்கள். போருக்குப் பிறகும் அந்த உடல்களிலிருந்து எடுத்த திசுக்கள் கற்பிக்கும் அறைகளில் இருந்து வந்தன. 1990ஆம் ஆண்டில்தான் அவை அங்கே அடக்கம் செய்யப்பட்டன.

அதே தோட்டத்தில்தான் ஹோல்டர்லினுடைய கல்லறையும் உள்ளது. பார்க்க வருவோர் பெரும்பாலும் கவிஞரிடம் நின்றுவிடுகிறார்கள். நான் அந்த மூலைக்கும் சென்றேன். வெண்கலத் தகடுகளில் வரிசையாகப் பெயர்கள் பொறித்திருக்கிறார்கள். பல பெயர்கள் ஜெர்மன் மொழிப் பெயர்கள் அல்ல. அவற்றை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்க முயன்றேன்; சிலவற்றை எப்படி உச்சரிப்பது என்றே தெரியவில்லை. அருகில் ஒரு மாணவி மிதிவண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தன் குறிப்பேட்டில் ஒரு பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.