உதைக்கும் காலும் அளக்கும் சுவரும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய உரைகளுக்கு நடுவே உதையைப் பற்றிப் பேச எழுந்திருக்கின்றோம், பொறுத்தருள்க. மாலைதோறும் நம் சமூகக் கூடத்தில் வெள்ளுடை அணிந்து டேக்வாண்டோ பயிலும் சிறுவர் சிறுமியரைக் காணாதார் இங்கு இரார். அவர்களுடைய வருகைப் பதிவேட்டை எழுதும் பணி நம்மிடம் இருத்தலின், பெற்றோர் நம்மையே வினவுகின்றனர்: "என் பிள்ளை தேறுகிறதா?" பதக்கம் வந்ததா என்று பார்ப்பதே வழக்கம். காலை அளந்து பாருங்கள் என்பது நம் விடை.

கொரிய நாட்டில் உருப்பெற்ற இக்கலை, 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் காட்சி ஆட்டமாக நுழைந்து, 2000ஆம் ஆண்டு சிட்னியில் பதக்க ஆட்டமாயிற்று. 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் மார்புக் கவசத்துள்ளேயே மின்கருவி பொருத்தினர். உதையின் வன்மையை அக்கருவியே உணரும். மெலிந்த உதைக்குப் புள்ளியில்லை.

வன்மை என்று பொதுவாகச் சொல்கிறோம். நூலோர் திறன் என்பது விசையும் வேகமும் பெருகிய பெருக்கம். இருப்புப்பாதைக் குடும்பங்களுக்கு இதை விளக்குதல் எளிது. சரக்கு வண்டி இழுக்கும் வாக்-9 எஞ்சினும் பயணி வண்டி இழுக்கும் வாப்-7 எஞ்சினும் உடன்பிறப்புகள். பற்சக்கர விகிதம் மாறவே, ஒன்றற்கு இழுப்பும் மற்றொன்றற்கு வேகமும் மிகுந்தன. உதைப்பவனுக்கோ இரண்டும் ஒருங்கே வேண்டும். பெரும்பாரம் தூக்கியும் காலை மெல்ல வீசுபவன் களத்தில் வெல்லான்.

இத்திறனை அளக்க என்ன வேண்டும்? ஒரு சுவர், ஒரு சாக்குக்கட்டி, ஓர் அளவு நாடா. நின்ற இடத்திலிருந்து மேலே துள்ளும் சோதனையை 1921ஆம் ஆண்டிலேயே அமெரிக்கரான டட்லி சார்ஜென்ட் எழுதி வைத்தார். அதன் எளிய வடிவம் இது: விரல் நுனியில் சாக்குப்பொடி பூசிச் சுவரோரம் நின்று கையை உயர்த்தி ஒரு குறி, துள்ளி எட்டி மற்றொரு குறி, இரண்டிற்கும் இடைப்பட்ட உயரமே அளவு. மூன்று முறை துள்ளச் செய்து மிகுந்ததைக் குறிக்க வேண்டும்.

கைப்பேசியும் உதவும். நொடிக்கு 240 படம் எடுக்கும் கருவியில், கால் தரையை விட்டது முதல் மீண்டும் தொட்டது வரை 120 படம் எனில், காற்றில் நின்ற நேரம் அரை நொடி. துள்ளிய உயரம் ஏறத்தாழ 31 செ.மீ. இறங்கும்போது முழங்காலை மடக்கி நேரத்தை நீட்டும் சூழ்ச்சியை நம் பிள்ளைகள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டனர்! அதனைத் தடுக்க ஒருவர் பார்த்திருக்க வேண்டும்.

50 கிலோ எடையுள்ள இளைஞர் 35 செ.மீ. துள்ளினால், வாய்ப்பாட்டின்படி அவர் கால்கள் அக்கணத்தில் தரும் உச்சத்திறன் ஏறத்தாழ 2,330 வாட். அஃதாவது மூன்று குதிரைத்திறன். வீட்டில் மூன்று குதிரை ஓடுவதாக உணர்ந்த தாய்மார்க்கு இது புதுச்செய்தியன்று.

ஒரு துள்ளல் மட்டும் போதாது; ஆட்டம் இரண்டிரண்டு நிமிடச் சுற்றுகளாக நடப்பது. ஆதலின் மற்றொரு சோதனையும் உண்டு. வலமும் இடமுமாகப் பத்து நொடி விரைந்து உதைத்தல், பத்து நொடி ஓய்வு. இவ்வாறு ஐந்து முறை. உதைகள் 20, 19, 18, 17, 16 எனில் கூட்டுத்தொகை 90. சோராதிருந்தால் 100 ஆகியிருக்கும். தளர்ச்சி நூற்றுக்குப் பத்து.

இனி, நாம் வற்புறுத்த வந்த செய்தி. இவ்வெண்ணை அடுத்த குவார்ட்டர்ஸ் பிள்ளையின் எண்ணோடு ஒப்பிடற்க. வயது வேறு, வளர்ச்சி வேறு. அதே பிள்ளையை, அதே வேளையில், அதே முறையில், உடலைச் சூடேற்றிய பின் வாரந்தோறும் அளந்து எழுதி வருக. ஒன்றிரண்டு செ.மீ. ஏறி இறங்குவது இயல்பே. தொடர்ந்து இறங்கினால்தான் உற்று நோக்க வேண்டும்.

நம் ஏட்டில் ஒரு சிறுமியின் வரிசை 34, 33, 31, 29 என இறங்கிற்று. சோம்பல் என்றனர் சிலர். இன்னும் கடுமையாகப் பயிற்றுக என்றனர் வேறு சிலர். தாயார் பள்ளி உணவுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தார். உணவு தொடப்படாமல் இருந்தது. இவ்வாட்டத்தில் எடைப் பிரிவுகள் உண்டல்லவா? கீழ்ப்பிரிவில் ஆடினால் வெற்றி எளிது என்று யாரோ சொன்ன சொல்லை நம்பி, வளரும் வயதில் அக்குழந்தை பட்டினி கிடந்திருக்கிறது. அப்போட்டிக்கு அவளை அனுப்பவில்லை. வயிறார உண்டு உறங்கினாள். ஆறு வாரம் கழித்துச் சுவரில் மீண்டும் 34. எடை ஒரு கிலோ கூடியிருந்தமையின் திறன் முன்னினும் மிகுதி. குழந்தை வாய்திறந்து சொல்லாததைச் சுவர் சொல்லிற்று.

கூடத்தின் வடக்குச் சுவரில் சாக்குக்கறை படிந்துவிட்டதாகச் செயலாளர் குறைப்படுகிறார். வெள்ளையடிக்கும் செலவைச் சங்கம் ஏற்குமென நம்புகிறோம். அடுத்த அளவு வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு. பிள்ளைகளை வெறும் வயிற்றோடு அனுப்பற்க.