கடுகளவு குளவி



பப்பாளி மரத்தில் வெள்ளை மாவு அப்பியது போல இருக்கிறதா? அது மாவல்ல, மாவுப்பூச்சி. மெக்சிகோ நாட்டுப் பூச்சி. அங்கே அதை ஒழிக்கும் எதிரிகள் உண்டு. இங்கே அப்போது போதிய அளவில் இல்லை. 2008-இல் கோயம்புத்தூரில் தென்பட்டது. பிறகு கர்நாடகம், மகாராஷ்டிரம் வரை பரவியது.

பப்பாளி மட்டுமா? மல்பெரிச் செடியும் சுருண்டது. விவசாயிகள் மருந்து அடித்தார்கள். பூச்சியின் மேல் மெழுகுப் போர்வை. மருந்து உள்ளே இறங்கவில்லை. மருந்து பட்ட மல்பெரி இலையைத் தின்றால் பட்டுப்புழுவும் செத்துவிடுமே! என்ன செய்வது?

2010-இல் பெங்களூரில் உள்ள மத்திய அரசு ஆய்வு நிலையம், போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மாவுப்பூச்சியின் எதிரியை வரவழைத்தது. அது ஒரு குளவி. பயப்பட வேண்டாம், கடுகை விடச் சிறியது. மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். வெளிவரும் புழு, பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும். சில மாதங்களில் தோட்டங்கள் தேறின.

குளவி விட்ட தோட்டத்தில் மருந்து அடிக்காதீர்கள். குளவியும் செத்துவிடும். இன்னொன்று. மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு பொறிவண்டும் உண்டு. அதன் புழுவும் வெள்ளையாக, மாவுப்பூச்சி போலவே இருக்கும். பாவம், பலர் நசுக்கிவிடுகிறார்கள். உருவில் பெரிதாக, சுறுசுறுப்பாக ஊர்ந்தால் அது பொறிவண்டுப் புழு. விட்டுவிடுங்கள்.