துக்கத்தில் துணை வரும் காவியம்



1910 ஏப்ரல் 4-ஆம் தேதி புதுச்சேரிக்குக் கப்பலில் வந்து இறங்கினார் அரவிந்தர். அப்போது அவருக்கு 37 வயது. அலிப்பூர் சிறையில் ஓராண்டு இருந்துவிட்டு, பிரிட்டிஷ் கெடுபிடியிலிருந்து விலகிப் பிரெஞ்சு மண்ணில் அடைக்கலம் தேடி வந்திருந்தார். சங்கர செட்டியார் வீட்டு மாடியில் தங்க இடம் கிடைத்தது. வந்த கையோடு அவர் தொடர்ந்த வேலைகளில் ஒன்று நம்மை வியக்க வைக்கும். அது ட்ராய் நகரத்தின் வீழ்ச்சியைப் பாடும் ஒரு காவியம். 1909-இல் சிறையிலேயே தொடங்கியது. பின்னர் 'இலியன்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் வளர்ந்தது. எட்டுக் காண்டங்கள் முடிந்து, ஒன்பதாவது பாதியில் நின்றுவிட்டது.

நாட்டு விடுதலைக்காகச் சிறை சென்றவருக்கு, யோகத்தில் மூழ்கியவருக்கு, கிரேக்கக் கதையில் என்ன நாட்டம்? ஏழு வயதில் தாய்நாட்டை விட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர் அவர். லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் கிரேக்க மொழியை ஆழ்ந்து படித்தார். நமக்குக் கம்பன் எப்படியோ, அவருக்கு ஹோமர் அப்படி இளமையிலேயே நெஞ்சில் இறங்கிவிட்டார்.

'இலியன்' பாடுவது ட்ராய் நகரத்தின் கடைசி நாளை. கிரேக்க வீரன் அக்கிலீஸ் சமாதானத் தூது அனுப்புகிறான். பணிந்தால் பிழைக்கலாம், ஆனாலும் ட்ராய் மறுக்கிறது. அடிமைப்பட்ட நாட்டின் மகன் ஒருவர், தோற்கப்போகிற நகரத்தின் மானத்தைப் பாட எடுத்துக்கொண்டார் என்பது என்னை எப்போதும் நெகிழ வைக்கிறது.

அதே ட்ராய்ப் போரைப் பாடும் ஹோமரின் 'இலியட்' நமக்கு ஆன்மிக ஆறுதல் தருமா? தரும் என்பது என் உறுதியான நம்பிக்கை. அது எங்கே கிடைக்கிறது என்று பார்க்க, காவியத்தின் கடைசிப் பகுதியான 24-ஆம் காண்டத்துக்குப் போகவேண்டும்.

ட்ராய் மன்னன் பிரியமின் மகன் ஹெக்டரை அக்கிலீஸ் கொன்றுவிட்டான். தன் நண்பன் பட்ரோக்ளஸைக் கொன்றவன் என்ற வெறியில், உடலைத் தேரில் கட்டி இழுக்கிறான். இரவோடு இரவாகக் கிழவர் பிரியம் பகைவன் கூடாரத்துக்குள் நுழைகிறார். அக்கிலீஸின் காலடியில் விழுந்து, தன் பிள்ளைகளைக் கொன்ற அந்தக் கைகளையே முத்தமிடுகிறார். "உன் தகப்பனை நினைத்துப் பார்" என்று மன்றாடுகிறார். அவ்வளவுதான். அக்கிலீஸ் உடைந்துபோகிறான். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். கிழவருக்கு மகன் நினைவு. இவனுக்கு ஊரில் தனித்திருக்கும் தகப்பன் நினைவு, இறந்த நண்பன் நினைவு.

அழுகை ஓய்ந்ததும் அக்கிலீஸ் ஹெக்டரின் உடலைக் கழுவச் சொல்கிறான். தானே தூக்கிப் பாடையில் கிடத்துகிறான். பிறகு ஆடு அறுத்துச் சமைத்து, கிழவரை வற்புறுத்திச் சாப்பிட வைக்கிறான். மகன் இறந்த நாளிலிருந்து பிரியம் எதையும் உண்டிருக்கவில்லை.

இந்த இடம் தமிழனுக்கு அந்நியமே இல்லை. நம் துக்க வீட்டில் அடுப்பு எரியாது. உறவுக்காரர்கள் சோறு கொண்டுவந்து, "ஒரு வாய் சாப்பிடுங்க, இருக்கிறவங்களைப் பார்க்கணும்ல" என்று கெஞ்சுவார்கள். ஹோமர் அந்தச் சோற்றைப் பகைவன் கையால் பரிமாற வைத்தார். அங்கேதான் மனித மனம் தன் எல்லையைத் தாண்டி விரிகிறது.

ஹோமரின் தெய்வங்கள் துன்பத்தைத் தடுத்துவிடுவதில்லை. தலைமைத் தெய்வமான சூஸ்கூடத் தன் மகன் சார்பிடனைச் சாவிலிருந்து காப்பாற்றவில்லை. அவனுக்காக இரத்தத் துளிகளை மழையாகப் பொழிகிறார். 'ஏன் எனக்கு மட்டும் இப்படி?' என்று கேட்கும் நெஞ்சுக்கு, 'உனக்கு மட்டும் இல்லை' என்று காவியம் சொல்கிறது. இழப்பு அப்படியே இருக்கிறது, தனிமை விலகுகிறது. நான் ஆறுதல் என்பது அதைத்தான்.

அரவிந்தர் வந்த அதே 1910-இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த இன்னொருவர் வ.வே.சு. ஐயர். பின்னாளில் பெல்லாரிச் சிறையில் இருந்தபோது, கம்பனை ஹோமர், வர்ஜில், மில்டனோடு ஒப்பிட்டு ஆங்கிலத்தில் ஒரு பெரும் ஆய்வை எழுதினார். கம்பனே உயர்ந்தவன் என்பது அவர் முடிவு. பாரதியார் 'பாஞ்சாலி சபத'த்தை எழுதியதும் இதே புதுச்சேரியில்தான். சொந்த ஊருக்குத் திரும்ப முடியாத காலத்தில் இவர்கள் மூவருமே காவியங்களின் துணையை நாடியிருக்கிறார்கள்.

நேயர்களே, மனம் கனத்திருக்கும் நாளில் ஹெக்டரின் கதையையோ கம்பனின் மண்டோதரி புலம்பலையோ எடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். வீட்டில் இருப்பவர்களையும் உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். காவியம் பலர் கூடிக் கேட்பதற்காகப் பிறந்தது. துக்கமும் பலர் கூடித்தான் ஆறும்.