கடலடி உழவர்கள்



மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் வளர்ந்தவர்களுக்குக் கண்மாய் புதிதன்று. கோடையில் நீர் வற்றியபின் கண்மாய் வண்டலை வெட்டியெடுத்து வயலில் பரப்புவது நம் உழவர் மரபு. அவ்வண்டலைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தால் புழுவும் நத்தையும் அதனுள் வாழ்வதைக் காணலாம். நிலத்தைப் பண்படுத்தும் மண்புழுவின் தொண்டைப் பற்றிச் சார்லஸ் டார்வின் 1881-ஆம் ஆண்டில் தனி நூலே வெளியிட்டார். இன்று நான் பேச இருப்பது, கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு நிலத்தின் உழவர்களைப் பற்றியாகும். நம் வைகை பல கண்மாய்களை நிரப்பி, மிஞ்சிய வெள்ளத்தோடு ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக் விரிகுடாவில் கலக்கிறது. அக்கடலுக்கும், அதன் தெற்கேயுள்ள மன்னார் வளைகுடாவுக்கும் அடியிலுள்ள தரையே அந்நிலம்.

1990-களில், நான் அறிவியல் ஆசிரியனாக இருந்தபோது, மாணவர் சிலரை இரயிலில் மண்டபத்துக்கு அழைத்துச் சென்றேன். ஆழமற்ற நீரில் சங்கும் நட்சத்திர மீனும் கடல் அட்டையும் கண்டோம். "பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். ஒரு மாணவன் எழுதாமல் நின்று, "ஐயா, இத்தனை வகை எதற்கு? இந்த அட்டை இல்லாவிட்டால் கடலுக்கு என்ன குறை?" என்று கேட்டான். "இயற்கையில் வீண் என்று ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அது விடையன்று, விடை அறியாத ஆசிரியன் போர்த்துக்கொண்ட போர்வை. அன்று தராத விடையை இன்று உங்களுக்குத் தருகிறேன்.

கடலின் மேற்பரப்பில் மடியும் பாசிகளும் மீன்களின் கழிவும் ஓயாது அடியில் படிகின்றன. அவற்றை யாரும் கிளறாவிட்டால் பிராணவாயு மேல் மணலோடு நின்றுவிடும். கீழே கரிய சேறும் அழுகிய முட்டை நாற்றமுமே மிஞ்சும். கடல் அட்டை மணலை விழுங்கி, அதிலுள்ள உணவை உண்டு, மணலை வெளியேற்றுகிறது. புழுக்கள் வளை தோண்டி நீரைக் கீழே செலுத்துகின்றன. சங்கு அப்புழுக்களை உண்டு வாழ்கிறது. சிப்பி நீரை வடிகட்டுகிறது. கடற்புல் தன் வேரால் மணலைப் பிடித்து நிறுத்துகிறது. நுண்ணுயிர்கள் மடிந்தவற்றைச் சிதைக்க, அதிலிருந்து பிறக்கும் சத்து மீண்டும் நீரில் கலந்து பாசியை வளர்க்கிறது. பாசி வளர்ந்தால் மீன் வளரும்.

"ஒரே வேலையைப் பல உயிர்கள் செய்கின்றனவே, ஒன்று போனால் மற்றொன்று அதைச் செய்யாதோ?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. சித்திரைத் தேரோட்டத்தை நினைத்துப் பாருங்கள். வடம் பிடிப்போருள் பத்துப்பேர் விலகினாலும் தேர் நகரும். ஆயின் சக்கரத்தடியில் கட்டை கொடுத்துத் தேரைத் திருப்புகிறவர் இல்லையென்றால், மாசி வீதி முனையில் தேர் நின்றுவிடும். கடலடியிலும் வடம் பிடிப்போர் உண்டு; கட்டை கொடுப்போரும் உண்டு.

அயர்லாந்தின் கால்வே விரிகுடாவில் வாழும் 139 வகை அடித்தரை உயிர்களைக் கொண்டு விஞ்ஞானிகள் கணக்கிட்ட முடிவு 2004-இல் வெளிவந்தது. வகைகள் அழிய அழிய மண் கிளறப்படும் ஆழம் குறையும் என்றும், எவ்வளவு குறையும் என்பது எத்தனை அழிந்தன என்பதை மட்டுமன்றி எவை முதலில் அழிந்தன என்பதையும் பொறுத்தது என்றும் அவர்கள் கண்டனர். ஆழ்கடலில் 116 இடங்களை ஆராய்ந்து 2008-இல் வெளியான மற்றோர் ஆய்வு, சிறு புழுக்களின் வகை மிகுந்த இடங்களில் கடலடியின் பணிகள் பன்மடங்கு சிறப்பாக நடப்பதைக் காட்டியது.

நம் கடலில் எவை முதலில் போகின்றன? விலை மிகுந்தவையும், மெல்ல நகர்பவையும், வலைக்கு எளிதில் அகப்படுபவையுமே. கடல் அட்டை அவிக்கப்பட்டு, உலர்த்தப்பட்டு, கிழக்காசிய நாடுகளுக்குச் சென்றது. 2001-இல் அதைப் பிடிப்பதை அரசு தடை செய்தது. அத்தொழிலால் பிழைத்த மீனவக் குடும்பங்களின் துன்பம் பொய்யன்று. தடையை நீக்குமாறு அவர்கள் கேட்டும் வந்துள்ளனர். அதே வேளையில், இழுவைமடி வலைகள் கடலடியை அரித்துச் செல்கின்றன. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் ஓய்ந்திருக்கின்றன. உழவர் மீளவும் அந்நிலம் ஆறவும் அது போதுமா?

தடை மட்டும் போதாது என்பது என் எண்ணம். எந்த உயிர் எந்த இடத்தில் எவ்வளவு குறைந்தது என்பதை மூழ்கிப் பழகிய மீனவர் அறிவர். அவர்களையும் உடன் வைத்துக் கணக்கெடுத்தால்தான் கடலுக்கும் நீதி கிடைக்கும். குடும்பங்களுக்கும் நீதி கிடைக்கும்.

மாணவர்களே, நீங்கள் கடற்கரைக்குச் செல்லும்போது என் பழைய பிழையைச் செய்யாதீர்கள். ஓர் உயிரைக் கண்டால் அதன் பெயரை எழுதி, பக்கத்தில் அதன் தொழிலையும் எழுதுங்கள். தொழில் தெரியாவிட்டால் இடத்தை வெறுமையாக விட்டு, உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் இருவருமாகத் தேடுங்கள். அன்று அம்மாணவனோடு நான் செய்திருக்க வேண்டியது அதுவே.