வாசலில் நின்ற உணவுப் பொதி



தூரப் பயணம் ஒன்று புறப்படுவதற்கு முதல் நாள் இரவு நம் வீட்டுச் சமையலறைகளிலே எழும் ஆரவாரத்தை நீங்கள் அறிவீர்கள். வாழையிலையை நெருப்பில் வாட்டி, சோற்றையும் கறியையும் அதிலே பொதிந்து, சம்பலை வேறாகக் கட்டி, தண்ணீர்ப் போத்தலை நிரப்பி, பிள்ளைகளுக்கு வழியிற் பசிக்குமே என்று மேலும் நாலு வாழைப்பழங்களைப் பையினுள்ளே திணித்த பின்னரே நம் தாய்மாருக்கு உறக்கம் வரும். அந்தப் பையை ஒருவர் வாசலிலே மறித்துத் திறந்து பார்த்து, இதனை உள்ளே கொண்டு செல்ல இயலாது என்று கூறினால் நாம் என்ன செய்வோம்? பெரும்பாலும் முணுமுணுத்துக்கொண்டு அடங்கிவிடுவோம். சீன தேசத்தின் ஷங்காய் நகரிலே ஒரு மாணவி அடங்கவில்லை. அவருடைய கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. அதனைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

கதையையும் கற்பனையையும் கருவாகக் கொண்டு, கோட்டைகளும் குகைகளும் சுழல் வண்டிகளும் அமைத்து, உள்ளே புகுந்தவரை ஒரு நாள் முழுவதும் மகிழ்விப்பதே இக்காலக் களியாட்டப் பூங்காவின் தொழில். 1955 ஆம் ஆண்டு யூலை 17 ஆந் திகதி வால்ட் டிஸ்னி கலிபோர்ணியாவிலே திறந்துவைத்த டிஸ்னிலாந்து இவற்றுக்கெல்லாம் முன்மாதிரியாயிற்று. அந்த வழியிலே வந்த ஷங்காய்ப் பூங்கா 2016 ஆம் ஆண்டு யூன் 16 ஆந் திகதி திறக்கப்பட்டது. அப்போது பிரவேசச் சீட்டின் விலை சாதாரண நாட்களில் 370 யுவான்; நெரிசல் நாட்களில் 499 யுவான். 2018 ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய ஒரு கோடியே 18 இலட்சம் பேர் அதனைக் காண வந்தனர். இத்தனை பேரும் காலையிற் புகுந்து இரவு வரை உள்ளே நிற்பவர்கள். இவர்கள் ஒவ்வொருவருக்கும் நடுப்பகலிலே பசிக்கும். அந்தப் பசியை யார் தீர்ப்பது என்பதிலேதான் சிக்கல் முளைத்தது.

2017 ஆம் ஆண்டின் இறுதியிலே ஷங்காய்ப் பூங்காவின் விதிகள் மாற்றப்பட்டு, வெளியிலிருந்து உணவு கொண்டு வருதல் தடைசெய்யப்பட்டது. 2019 ஆம் ஆண்டு சனவரி மாத முடிவிலே, சட்டக் கல்வி பயிலும் அந்த மாணவி, சில சிற்றுண்டிகளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பூங்காவுக்குச் சென்றார். அவற்றின் பெறுமதி 46 யுவானுக்குச் சற்றே மேல். வாசலிலே பையைச் சோதித்த ஊழியர்கள் சிற்றுண்டியைக் கண்டு தடுத்துவிட்டனர். வெளியே இருந்து உண்டு முடிக்கலாம். கூலி கொடுத்துப் பெட்டகத்தில் வைக்கலாம். அல்லது எறிந்துவிடலாம் என்பதே வருவோர்க்கு இருந்த வழி. சீட்டையோ முன்னரே வாங்கியாயிற்று. திரும்பிப் போனால் நட்டம். உள்ளே போனால் உணவு நட்டம்.

மாணவி வழக்குத் தொடுத்தார். இழந்த உணவின் விலையைத் தரவேண்டும் என்பது ஒரு கோரிக்கை. உணவைத் தடுக்கும் விதியே செல்லாது எனத் தீர்க்க வேண்டும் என்பது மற்றையது. முதலாவது வெறும் சில்லறைக் காசு. அதற்காக எவரும் நீதிமன்றப் படி ஏறார். இரண்டாவதே அவருடைய நெஞ்சில் இருந்தது.

அவர் வெறுங்கையுடன் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சீன நாட்டிலே நுகர்வோர் உரிமைகளைக் காக்கும் சட்டம் ஒன்று 1994 ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. பின்னர் திருத்தப்பட்ட அச்சட்டத்தின் 26 ஆம் பிரிவு, வணிகர் தாமாக எழுதி வைக்கும் விதிகளினால் நுகர்வோரின் உரிமையை நியாயமின்றிக் குறைத்தல் ஆகாது என்றும், குறைத்தால் அவ்விதி செல்லாது என்றும் கூறுகின்றது. 27 ஆம் பிரிவோ, வணிகர் எவரும் நுகர்வோரின் உடலையோ அவர் எடுத்துச் செல்லும் பொருள்களையோ துருவிச் சோதித்தல் ஆகாது என்று தடுக்கின்றது. ஒரு பக்கத்தார் மாத்திரம் எழுதி, மறு பக்கத்தார் தலையாட்ட மட்டும் வேண்டிய இத்தகைய விதிகளுக்குச் சீன மக்கள் பேச்சிலே கொடுங்கோலன் விதி என்று பொருள்படும் பெயர் ஒன்று வழங்குகின்றது. உணவுச்சாலைகளிலே வெளியிலிருந்து மதுவைக் கொண்டு வரக்கூடாது என எழுதி வைப்பது அவ்வினத்தைச் சேர்ந்ததே என 2014 ஆம் ஆண்டில் அந்நாட்டின் உச்ச மக்கள் நீதிமன்றமே கூறியிருந்தது.

பூங்காத் தரப்பினரும் சும்மா இருக்கவில்லை. சுகாதாரத்தைக் காரணங் காட்டினர். சீனாவிலும் ஆசியாவிலும் உள்ள ஏனைய பூங்காக்கள் பலவற்றின் வழக்கமும் இதுவே என்றனர். இந்த விடைதான் அவர்களுக்கு வினையாக முடிந்தது என்று நான் எண்ணுகின்றேன். அதே நிறுவனத்தின் அமெரிக்கப் பூங்காக்களிலும் பாரிஸ் நகரருகே உள்ள பூங்காவிலும் தம் உணவைத் தாமே கொண்டு செல்லலாமே! அமெரிக்கன் கொண்டு செல்லும் ரொட்டியிலே இல்லாத அசுத்தம் சீனன் கொண்டு செல்லும் ரொட்டியிலே எவ்வாறு புகுந்தது? பத்திரிகைகளும் பொதுமக்களும் இதனைக் கேட்கத் தொடங்கியபோது, விஷயம் சிற்றுண்டியை விட்டு மானத்தைப் பற்றியதாகிவிட்டது.

இனி, எல்லாத் தடைகளும் பணப்பெட்டியை நிரப்புவதற்கே என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்கப் பூங்காக்களின் தடைகளைப் பாருங்கள். கண்ணாடிப் போத்தல் ஆகாது. உடைந்தால் வெறுங்காற் குழந்தையின் பாதத்தைக் கிழிக்கும். கைப்பேசியை நுனியிலே பொருத்தித் தம்மைத் தாமே படம் பிடிக்கும் நீண்ட கோல் 2015 ஆம் ஆண்டிலே தடுக்கப்பட்டது. விரைந்தோடும் வண்டியிலே அதனை நீட்டுவோரால் விபத்து நேரலாம். அதே ஆண்டின் இறுதியில் விளையாட்டுத் துப்பாக்கிகளும் விலக்கப்பட்டன. 2019 ஆம் ஆண்டு மே மாதம் முதல், 31 அங்குல அகலத்துக்கும் 52 அங்குல நீளத்துக்கும் மேற்பட்ட குழந்தை வண்டிகளுக்கு இடமில்லை. இவற்றுக்கெல்லாம் காரணம் கேட்டால் ஒரு பாட்டியும் விளங்கிக்கொள்வாள். மூடிய ரொட்டித் துண்டுக்குக் காரணம் சொல்லத்தான் வழக்கறிஞர் தேவைப்படுகின்றார்.

சோதனையைப் பற்றியும் ஒரு சொல். கத்தியும் வெடியும் உள்ளே புகாதிருக்கப் பையைத் திறந்து காட்டுவதற்கு இன்று எவரும் மறுப்பதில்லை. ஆனால் அந்த இணக்கத்தைப் பயன்படுத்தி, அடியிலே கிடக்கும் பிஸ்கோத்துப் பொட்டலத்தைத் தேடி, பெண்ணொருத்தியின் உடைமைகளைப் பலர் முன்னிலையிலே கிளறுவது வேறு காரியம். ஷங்காயில் மக்களைச் சினங்கொள்ளச் செய்தது உணவு விலை மட்டுமன்று, இந்தக் கிளறலுந்தான்.

வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, 2019 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே பூங்கா தன் விதியைத் தளர்த்தியது. தாமே உண்பதற்கான உணவை எவரும் கொண்டு செல்லலாம் என்றாயிற்று. சூடாக்க வேண்டியவையும், குளிரூட்டிப் பேண வேண்டியவையும், கடுமையான மணம் வீசுபவையும் மாத்திரம் விலக்கப்பட்டன. வெந்நீர் ஊற்றி உண்ணும் நூடில்ஸ், டுரியான் பழம், புளிக்கவைத்த சோயாக் கட்டி ஆகியன வாசலுக்கு வெளியே நின்றன. டுரியானை விலக்கியதற்கு நான் பூங்காவுடன் சண்டை பிடிக்க மாட்டேன். மூடிய அறையிலே அதன் அருகில் ஒரு முறையாவது இருந்தவர்கள் என்னை ஆதரிப்பார்கள். பைகளைப் பொறுத்தவரையில், வருவோர் தாமே திறந்து காட்டும் முறை ஊக்குவிக்கப்பட்டது.

அதே செப்டெம்பரிலே, நீதிமன்றத்தின் முன்னிலையில் இரு பக்கத்தாரும் இணங்கிப் போயினர். மாணவிக்குப் பூங்கா 50 யுவான் கொடுத்தது.

இணக்கம் என்பது தீர்ப்பு அன்று. பழைய விதி சட்டத்துக்கு முரணானதா அல்லவா என்பதை எந்த நீதிபதியும் எழுதி வைக்கவில்லை. நாளை மற்றொரு பூங்கா அதே விதியை எழுதினால், அங்கு தடுக்கப்படுபவர் மீண்டும் முதலிலிருந்தே வழக்காட வேண்டும். இக்குறையை நான் சிறிதாக மதிக்கவில்லை. ஆயினும் அவ்வாண்டு இலையுதிர் காலம் முதல் ஷங்காய்ப் பூங்காவின் வாங்குகளிலே, வீட்டிலே கட்டிய பொதிகளை அவிழ்த்துக் குடும்பங்கள் உண்ணலாயின.

1983 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட தோக்கியோ டிஸ்னிலாந்திலோ பழைய வழக்கமே நிலைத்திருக்கின்றது. வெளியுணவு உள்ளே செல்லாது. கைக்குழந்தையின் உணவு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. வீட்டிலிருந்து உணவுப் பெட்டி கட்டிச் செல்வதை ஒரு கலையாகவே வளர்த்த நாடு யப்பான். அங்கே பெட்டியோடு வருபவர்களுக்காக மேசைகள் போட்ட இடமொன்று ஒதுக்கப்பட்டிருக்கின்றது. அது வாசலுக்கு வெளியே இருக்கின்றது.